யாரோ ஒருவர் தூக்கிப்போடாத கவர்

மஞ்சள் பூத்துப்போன ஒரு கவர். ஸ்டாம்ப் கிடையாது. ஒரு பக்கம் வட்டமாக 'சான் பிரான்சிஸ்கோ' என்று தபால் முத்திரை. இன்னொரு பக்கம் பெரிதாக '40' என்று ஒரு சீல். நடுவில் சாய்ந்த கையெழுத்தில் ஒரு முகவரி. அவ்வளவுதான். நைட் ஷிஃப்ட் முடிந்து மொபைலைத் தடவிக்கொண்டிருந்தபோது ஓர் ஏலப் பட்டியலில் இந்தப் படம் கண்ணில் பட்டது. அது என்ன 40 என்று தேடப்போனவன்தான். இரண்டு வருடமாகியும் அந்த உலகத்தைவிட்டு நான் வெளியே வரவில்லை.

40 என்பது 40 சென்ட். கதை 1848 ஜனவரி 24-ல் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் கொலோமா என்ற இடத்தில், சட்டர் என்பவரின் மரம் அறுக்கும் ஆலைக் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துகள்களைப் பார்த்தார். அடுத்த சில வருடங்களில் சுமார் 3 லட்சம் பேர் அங்கே போய்க் குவிந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஊரில் அம்மா, அப்பா, கட்டிய மனைவி எல்லோரையும் விட்டுவிட்டுப் போனவர்கள்.

அங்கிருந்து ஒரு கடிதம் நியூயார்க் போக வேண்டுமென்றால் ரயில் கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் கப்பலேறி பனாமா போகும். அங்கே கோவேறு கழுதையிலும் படகிலும் காட்டைக் கடக்கும். மறுபடி வேறொரு கப்பல். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அரை அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 14 கிராமுக்கு, கட்டணம் 40 சென்ட். அந்தக் காலத்தில் கிழக்கே ஒரு கூலித் தொழிலாளியின் நாள் சம்பளமே ஒரு டாலர் அளவுதான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. அப்போது தபால் கட்டணத்தை அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்குகிறவரும் கட்டலாம். கவரில் 'பெய்டு' என்ற சீல் இல்லாமல் வெறும் '40' மட்டும் இருந்தால், கடிதம் போய்ச் சேர்ந்த வீட்டில்தான் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரு தாய் கொடுத்த அரை நாள் கூலி அது. இது புரிந்த நாளிலிருந்து அந்த எண்ணை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை.

வருடம் இல்லாத முத்திரை

அமெரிக்க மேற்குப் பகுதியின் பழைய தபால் கவர்களைச் சேகரிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. 'வெஸ்டர்ன் கவர் சொசைட்டி' என்று சங்கமும், அதற்கென ஒரு பத்திரிகையும் உண்டு. இவர்களுக்கு ஸ்டாம்ப் மட்டும் போதாது. கவர் முழுசாக வேண்டும். முத்திரை, கட்டணம், ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு, முகவரி எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கடிதம் எந்த வழியாகப் போனது என்று படிக்க முடியும். ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுத்தால் போச்சு.

அந்தக் காலத்து முத்திரைகள் பலவற்றில் ஊர் இருக்கும், மாதம் இருக்கும், தேதி இருக்கும், வருடம் மட்டும் இருக்காது. அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டணத்தை வைத்துத்தான். கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கே போகும் கடிதத்துக்கு 1851 ஜூன் முடியும் வரை 40 சென்ட். ஜூலை 1 முதல் முன்கூட்டியே கட்டினால் 6 சென்ட், கட்டாவிட்டால் 10 சென்ட். 1855 ஏப்ரல் 1 முதல் முன்பணம் கட்டாயம், 10 சென்ட். 1863 ஜூலையிலிருந்து தூரம் எவ்வளவானாலும் 3 சென்ட். ஆக, 'பெய்டு 6' என்று சீல் இருந்தால் அது 1851 ஜூலைக்கும் 1855 மார்ச்சுக்கும் நடுவில் எழுதியது. போலீஸ் துப்பறிவதுபோல இருக்கும்.

ஊர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் கதை சொல்லும். டென்வர் நகரத்தின் ஆரம்பகால முத்திரையில் 'கே.டி.' என்றிருக்கும். கன்சாஸ் பிரதேசம் என்று அர்த்தம். 1861 பிப்ரவரி 28-ல் கொலராடோ தனிப் பிரதேசமானதும் அந்த எழுத்துகள் காலாவதியாகிவிட்டன. கார்சன் சிட்டி முதலில் 'யூ.டி.', அதாவது யூட்டா. 1861-ல் 'என்.டி.', நெவாடா பிரதேசம். 1864 அக்டோபர் 31-ல் நெவாடா மாநிலமே ஆகிவிட்டது. ஊர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. எல்லைக்கோடுதான் அதைத் தாண்டித் தாண்டிப் போனது.

சின்ன ஊர்களில் தபால் நிலையம் என்று தனிக் கட்டடமெல்லாம் கிடையாது. மளிகைக் கடைதான் போஸ்ட் ஆபீஸ், கடைக்காரர்தான் போஸ்ட் மாஸ்டர். சீல் இல்லாத இடத்தில் ஊர் பெயரைப் பேனாவால் எழுதிவிடுவார்கள். தங்கமோ வெள்ளியோ தீர்ந்ததும் ஊரே காலியாகும். போடி என்ற சுரங்க ஊரில் 1877-ல் தபால் நிலையம் திறந்தார்கள், 1942-ல் மூடினார்கள். ஒரு காலத்தில் பல ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர். இன்று ஆளில்லாத வீடுகளைச் சுற்றுலாப் பயணிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். அதுவாவது பரவாயில்லை. சுவர்கூட மிஞ்சாமல், முத்திரையில் மட்டும் இருக்கும் ஊர்கள் எத்தனையோ.

கொண்டுபோனவர்கள்

1858 செப்டம்பரில் 'பட்டர்ஃபீல்ட் ஓவர்லேண்ட் மெயில்' என்ற குதிரை வண்டித் தபால் தொடங்கியது. சுமார் 2,800 மைல், 25 நாள், வாரம் இருமுறை. மேற்கு நோக்கிப் போன முதல் வண்டியில் கடைசிவரை பயணம் செய்த ஒரே பயணி, 'நியூயார்க் ஹெரால்ட்' நிருபர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி. வயது 23! ஏசி அறையில் உட்கார்ந்து நோட்டிஃபிகேஷன் தட்டிவிடும் எனக்கு அவரை நினைத்தால் கொஞ்சம் பொறாமை, நிறைய பயம்.

1860 ஏப்ரல் 3-ல் வந்தது 'போனி எக்ஸ்பிரஸ்'. குதிரை மாற்றி, ஆள் மாற்றி, மிசோரியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பத்து நாளில் தபால். ஆரம்பத்தில் அரை அவுன்ஸுக்கு 5 டாலர். அடுத்த வருடம் அக்டோபரில் தந்திக் கம்பி இணைந்ததும் மூடிவிட்டார்கள். பதினெட்டு மாதம்தான் ஆயுள். அதில் போன கவர்களில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 250. 1860-ல் வழியில் பறிபோன ஒரு பையிலிருந்த கடிதம், மீட்கப்பட்டது என்ற குறிப்போடு 1862-ல்தான் நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

எனக்கு இவர்களில் ரொம்பப் பிடித்தவர் 'ஸ்னோஷூ தாம்சன்'. நார்வேயில் பிறந்தவர். 1856 முதல் குளிர்காலங்களில் நீளமான மரப்பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு, சியரா நெவாடா மலையைத் தபால் மூட்டையோடு தனியாகக் கடந்தார். பிளாசர்வில்லிலிருந்து ஜெனோவா வரை சுமார் 90 மைல், போக மூன்று நாள், வர இரண்டு நாள். சம்பளம் கேட்டு வாஷிங்டன்வரை போனார். கிடைக்காமலே 1876-ல் இறந்துபோனார். அவர் முதுகில் மலையேறிய கடிதங்களுக்கு இன்று விலை உண்டு.

என்னிடம் இருப்பது

இவ்வளவு பேசுகிற என்னிடம் இருப்பது ஒரே ஒரு கவர். ஒரு நல்ல ஹெட்போன் வாங்கும் காசுக்கு ஏலத்தில் எடுத்தேன். நெவாடாவின் விர்ஜினியா சிட்டி என்ற வெள்ளிச் சுரங்க ஊரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கடைக்குப் போனது. பச்சை நிற 3 சென்ட் ஸ்டாம்ப் கவரிலேயே அச்சாகியிருக்கிறது. மேலே 'வெல்ஸ் ஃபார்கோ' என்று தனியார் கம்பெனியின் பெயர், பக்கத்தில் நீல நிற ஓவல் சீல். கடிதத்தைக் கொண்டுபோனது தனியார் கம்பெனி. ஆனாலும் அரசுத் தபால் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். அரசுத் தபாலைவிட இவர்கள் வேகம், நம்பிக்கை என்று மக்கள் இரண்டு பக்கமும் காசு கொடுத்தார்கள். பச்சை 3 சென்ட் என்பதால் 1870-க்குப் பிறகு. 1883 அக்டோபரில் கட்டணம் 2 சென்ட் ஆகிவிட்டதால் அதற்கு முன்பு.

"உள்ள லெட்டர் இருக்கா?" என்றார் அம்மா.

"இல்லைம்மா. வெறும் கவர்தான்."

"யாரோ கடைக்காரனுக்கு வந்த காலி கவரை எதுக்குடா காசு குடுத்து வாங்குன?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அப்புறம் அம்மாவே கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷம் எவனோ பத்திரமா வச்சிருந்திருக்கான் பாரு" என்றார்.

அம்மா சொன்னதுதான் இந்தச் சேகரிப்பின் மொத்த ரகசியமும். மலை, பனி, கப்பல் எல்லாவற்றையும் தாண்டி வருவது பாதிக் கதை. வந்த பிறகு ஒருவர் அதைத் தூக்கிப்போடாமல் இருக்க வேண்டும். என் கவரை ஒரு கணக்குப்பிள்ளை ஃபைலில் கோத்து வைத்திருக்கலாம். அந்த '40' கவரை ஒரு தாய் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கலாம். மேற்கிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்கள் அதிகம் பிழைத்திருக்கின்றன. வீட்டிலிருந்து சுரங்கக் கூடாரத்துக்குப் போனவை குறைவு. கூடாரம் மாற்றுகிறவனுக்கு ஏது டிரங்குப் பெட்டி?

இல்லாத கவர்கள்

அப்படி யோசித்தால் இன்னொன்றும் உறைக்கிறது. 1869 மே 10-ல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். ஆயிரக்கணக்கானவர்கள். ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் தேடியும் அவர்களில் ஒருவர் எழுதிய ஒரு கடிதம்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. எழுதவே இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. எங்கோ காத்திருந்த வீடுகளில் போர், வெள்ளம், புரட்சி என்று எல்லாம் புகுந்திருக்கும்.

அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கோ ஒவ்வொரு புதிய தபால் நிலையமும் நிலம் பறிபோனதற்கு ஒரு அடையாளம். தங்கம் கிடைப்பதற்கு முன் கலிஃபோர்னியாவில் சுமார் 1,50,000 பேர் இருந்தார்கள். 1870-ல் மிஞ்சியவர்கள் சுமார் 30,000. அழகான வட்ட முத்திரையைப் பார்க்கும்போது, அது எந்த நிலத்தின்மேல் குத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆசை வந்து நீங்களும் தொடங்குவதாக இருந்தால் இரண்டே விஷயம். ஒன்று, போனி எக்ஸ்பிரஸ் போன்ற பெரிய பெயர்களில் போலிகள் அதிகம். நியூயார்க்கின் 'ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன்' போன்ற நிபுணர் அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் பெரிய தொகை போடாதீர்கள். இரண்டு, கவரிலிருந்து ஸ்டாம்பை எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். காத்திருந்தவரின் ஊரும், கொண்டுபோன வழியும், யார் காசு கொடுத்தார்கள் என்பதும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.