இயந்திரத் தாளமும் இரு கலைஞரும்

மேலைச் செந்நெறி இசையில் தாளக் கருவிகளுக்கு வழங்கப்பட்டுவந்த இடம் பெரும்பாலும் வாத்தியக் குழுவின் பின்வரிசையேயாகும். அவற்றை மேடையின் முன்னே கொணர்ந்தோருள் டென்மார்க்கைச் சேர்ந்த ஊஃபே சாவறி, மோர்ட்டன் பிறீஸ் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர். 1988இல் இவர்கள் தொடங்கிய 'சஃப்றி டுவோ', பாக்கின் ஆக்கங்களையும் மரிம்பாவில் இசைத்துப் பெயர்பெற்றது.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிளேய்ட்-எ-லைவ்' இவர்களை ஐரோப்பிய நடனக் கூடங்களுக்கு இட்டுச் சென்றது. இலத்திரனியல் தாளத்தின்மேல் பொங்கோ முதலிய தோற்கருவிகள் முழங்கிய அவ்வாக்கத்தைச் சந்தையோடு செய்த சமரசம் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் ஒன்று நோக்கற்பாலது. இருவர் கூடி வாசிக்கையில் காலப்பிரமாணம் அவர்தம் செவிகளுக்கிடையே பிறக்கின்றது. ஒருவர் சற்றுத் தாழ்த்தின் மற்றவர் இணங்குவர். இயந்திரமோ எவர்க்கும் இணங்காது. அதனோடு வாசிப்போர் அவ்வுரையாடலின் ஒரு பகுதியை இழக்கின்றனர். இவ்விழப்பு உண்மையானதே.

எனினும், அசையாத அவ்வடித்தளத்தின் மீது மனிதக் கையின் அழுத்தமும் தளர்வும் முன்னிலும் துலக்கமாகக் கேட்கின்றன. நீண்ட பயிற்சியின்றி இது கைகூடாது. 2001இல் வந்த இசைத்தட்டுக்கு 'இரண்டாம் அத்தியாயம்' எனப் பொருள்படும் பெயரை அவர்கள் இட்டமையும் கருதத்தக்கது. முதலாம் அத்தியாயத்தை அறியாதார்க்கு இரண்டாவதன் விசை எங்கிருந்து வந்ததென்பது புலப்படாது. நடனக் கூடத்தில் ஆடிக் களித்தோருள் எத்தனை பேர் பின்னர் மரிம்பாவைத் தேடிச் சென்றனர் என்பதே இம்முயற்சியை அளக்கும் கோலாகும்.