கண்ணாடிக்குள் ஓர் அமானிதம்



கடந்த பாடசாலை விடுமுறையில் என் இளைய மகள் கடல்மீன் தொட்டி வேண்டுமென்று அடம்பிடித்தாள். 80 லீற்றர் கொள்ளும் சிறு தொட்டி ஒன்று வாங்கினோம். நிறத்தை மட்டும் பார்த்து மீன்களைத் தெரிவு செய்தவன் நான்தான். கோமாளி மீன்கள் இரண்டு, கரிய உடலில் மூன்று வெண்புள்ளிகளுள்ள டாம்சல் ஒன்று, வால்பக்கம் தீச்சுடர் நிறமான ஃபயர்பிஷ் ஒன்று.

இரண்டே வாரத்தில் டாம்சல் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டது. ஃபயர்பிஷ் கல்லிடுக்கில் ஒளிந்து, இரை எடுக்காமல் மெலிந்தது. ஒரு நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது அது தரையில் காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு மூடி இருக்கவில்லை.

"வாப்பா, அது எங்கே ஓடப் பார்த்தது?" என்று மகள் கேட்டாள். பூனையை அடைத்துவைத்துப் பட்டினி போட்டதால் நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை மாணவர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கியவன் நான். அன்று என் மகளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

உயிரினங்களை வளர்ப்பது கூடாதென்பதல்ல. அபூ உமைர் என்ற சிறுவனிடம், அவன் விளையாடிய சிறு பறவையைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்தார்கள். இதை ஆதாரமாகக் கொண்டு பறவை வளர்ப்பதை உலமாக்கள் அனுமதித்துள்ளனர். ஆனால் அதன் தேவைகளை நிறைவேற்ற வேண்டும். அதை வதைக்கக் கூடாது. கடலில் பலவீனமான மீனுக்கு ஓடித் தப்ப இடமுண்டு. நமது கண்ணாடிக்குள் அது இல்லை. எனவே எது எதனோடு ஒத்துவாழும் என்று முன்கூட்டியே விசாரிப்பது நம் கடமை.

நான் தாமதமாகக் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். உப்புநீர் நிரப்பியவுடன் மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து உண்டாகும் அமோனியா நஞ்சை மாற்றும் பக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும். கோமாளி மீன் வாங்கினால், ஒன்று சற்றுப் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கட்டும். அவ்வினத்தில் பெரியதே பெண்ணாக மாறும். அப்போது சண்டை குறையும். பயந்த சுபாவமுள்ள மீனை முதலிலும், அதிகாரம் செய்வதைக் கடைசியிலும் விடுங்கள். சிங்கமீன் தன் வாய்க்கு அடங்கும் மீன்களை விழுங்கிவிடும். நீல சேர்ஜன் மீன் சுமார் 30 சென்றிமீற்றர் வரை வளரும். சிறு தொட்டி அதற்குச் சிறை. மற்ற மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீன், சிறு தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் இறக்கும். தொட்டிக்கு மூடி அவசியம்.

டாம்சலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது கோமாளி மீன்கள் இரண்டும் நிம்மதியாக நீந்துகின்றன. கடையில் அழகான மீனொன்றைக் கண்டால், "இது நம்முடையவற்றோடு ஒத்துப்போகுமா வாப்பா?" என்றுதான் மகள் முதலில் கேட்கிறாள்.

வாய் பேசாத உயிர்களின் உரிமையைப் பேணி நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக. ஆமீன்.