காற்றாலையின் மேல் விழுந்த பழி

ஊரில் ஒரு வதந்தி கிளம்பினால், அதை வீடு வீடாக எடுத்துச் சென்ற ஆசாமி யார் என்று ஆராய்வது நமது வழக்கம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளம்பிய ஒரு வதந்தியைப் பொறுத்த மட்டில் அந்தச் சிரமம் நமக்கு ஏற்படவில்லை. ஏனெனில், அந்த ஆசாமி நாமேதான்!

அந்த மாதத்தில் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கிற்று. 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. மாகாண சுகாதார இலாகாவின் கணக்குப்படி 246 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குளிரே. அச்சமயத்தில் ஒரு படம் நமக்கு வந்து சேர்ந்தது. உறைந்து நின்ற காற்றாலை ஒன்றின் மேல் ஹெலிகாப்டர் நீரைத் தெளித்துக் கொண்டிருந்தது. "காற்றை நம்பினார்கள், கைவிட்டுவிட்டது!" என்று சாப்பாட்டு வேளையில் பிரசங்கம் செய்தோம். படத்தை நான்கு நண்பர்களுக்கு அனுப்பியும் வைத்தோம்.

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் நம் சகோதரியின் மகள் அன்று வீட்டில் இருந்தாள். "மாமா, இது டெக்ஸஸ் படமே அல்ல. சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்வீடனில் எடுத்தது" என்றாள். நாம் விழித்தோம். "டெக்ஸஸை விட ஸ்வீடனில்தானே குளிர் அதிகம்? அங்கே மாரிக்காலத்தில் காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று யோசித்தீர்களா?" என்று மேலும் கேட்டாள். யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அன்றிரவே படிக்க உட்கார்ந்தோம்.

தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறைந்துவிடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் மேகத்தில் மிதக்கும் நுண்துளிகள் அந்தச் சட்டத்துக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி குளிர்ந்த பின்னரும் அவை நீராகவே இருக்கக்கூடும். ஏதேனும் ஒரு பொருளில் மோதியதும் அந்தக் கணமே உறைந்து ஒட்டிக்கொள்ளும். குன்றின் உச்சியில் மேகத்துக்குள் சுழலும் காற்றாலையின் இறக்கை, இத்துளிகளுக்கு வாய்த்த நல்ல இலக்கு. இறக்கையின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்வதால், பனிக்கட்டி அங்கேதான் அதிகமாகப் படிகிறது. அதிலும் காற்றைக் கிழித்துச் செல்லும் முன் விளிம்பில்.

பனிக்கட்டியின் பாரத்தால் இறக்கை நின்றுவிடுகிறது என்றே நாம் எண்ணியிருந்தோம். அது முழு உண்மை அல்ல. பாரம் சேரும் முன்பே கெடுதல் தொடங்கிவிடுகிறது. விமானத்தின் இறக்கையைப் போலவே இதுவும் தன் வளைவின் நேர்த்தியால் வேலை செய்வது. மெல்லிய சொரசொரப்பு ஏற்பட்டாலும் காற்று அதன் மேல் வழுக்கி ஓடுவதில்லை. தூக்கும் விசை குறைகிறது, தடுக்கும் விசை மிகுகிறது. பலமான காற்று வீசும்போதே மின்சாரம் குறைந்து போகிறது. பிறகு ஓர் இறக்கையில் அதிகமும் மற்றொன்றில் குறைவுமாகப் பனிக்கட்டி சேர்ந்தால் யந்திரம் அதிர்கிறது. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடுகிறது. சுழலும் இறக்கையிலிருந்து கட்டிகள் தெறித்து விழுவதும் உண்டு. கீழே நடப்பவர்களுக்கு அது உயிராபத்து.

குளிர் நாட்டார் இதற்கு அஞ்சிக் காற்றாலையைக் கைவிட்டார்களா? இல்லை. கனடாவின் யூகான் பிரதேசத்தில், வைட்ஹார்ஸ் நகருக்கு அருகிலுள்ள ஹெக்கல் குன்றில் 1993-ல் ஒரு காற்றாலையை நிறுவினார்கள். பனிக்கட்டி அதைப் படாத பாடு படுத்திற்று. இறக்கையின் முன் விளிம்பில் வெப்பப் பட்டைகளைப் பதித்துப் பார்த்தார்கள். வெயிலின் சூட்டை ஈர்க்கட்டும் என்று கரிய பூச்சும் பூசினார்கள். ஸ்வீடன் முதலிய தேசங்களில் இன்று இறக்கைக்குள் வெந்காற்றைச் செலுத்துகிறார்கள். அல்லது மின்சாரத்தால் அதன் மேற்புறத்தைச் சூடாக்குகிறார்கள். இதற்குப் பணம் செலவாகும். ஆயினும் குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்ததாகையால், இறக்கை சுத்தமாயிருந்தால் அதே வேகத்தில் அதிக மின்சாரம் கிடைக்கும்.

டெக்ஸஸில் அந்தச் செலவைப் பெரும்பாலோர் செய்திருக்கவில்லை. காற்றாலைகளும் உறைந்தன என்பது மெய்தான். ஆனால் 2021 நவம்பரில் வெளியான மத்திய அதிகாரிகளின் விசாரணை அறிக்கை வேறொன்றும் சொல்லிற்று. டெக்ஸஸிலும் அண்டைப் பிரதேசங்களிலும் பழுதுபட்ட 1,045 மின் உற்பத்தி யந்திரங்களில் 58 சதவிகிதம் இயற்கை வாயுவில் ஓடுபவை. காற்றாலைகள் 27 சதவிகிதமே. வாயுக் கிணறுகளும் குழாய்களும் அளவுக் கருவிகளும் கூடத்தான் உறைந்திருந்தன. இதைவிட வருத்தம் தருவது ஒன்றுண்டு: 2011-ல் இதே போன்ற குளிர் வந்து போனபின், யந்திரங்களைக் குளிருக்குத் தயார் செய்யும்படி அதிகாரிகள் சிபாரிசு செய்திருந்தார்கள். அது சிபாரிசாகவே நின்றுவிட்டது. 246 பேர் மாண்ட பிறகே, 2021 ஜூனில், கட்டாயச் சட்டம் வந்தது.

பனிக்கட்டி எந்த யந்திரத்தின் மேலும் விரோதம் பாராட்டுவதில்லை. ஆயத்தமில்லாத இடத்தில் அமர்ந்துகொள்கிறது. வதந்தியும் அப்படியே. நம்முடைய மூளையில் அன்று அது எவ்வளவு சௌகரியமாக அமர்ந்துகொண்டது!

உண்மையை எழுதி அந்த நான்கு நண்பர்களுக்கும் அனுப்பினோம். மூவர் பதில் எழுதவில்லை. நான்காமவர் மட்டும், "இருந்தாலும் படம் நன்றாயிருந்ததே!" என்று எழுதியிருந்தார்.