கண்ணமங்கலத்தில் மறுபடியும் நீருக்குள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடியைத் தாண்டினால், வலது பக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். அதன் கிழக்கு அடிவாரத்து ஊர் கண்ணமங்கலம். ஆரணிச் சாலை இங்கேதான் பிரிகிறது. அமிர்தி காட்டிலிருந்து இறங்கும் நாகநதி இந்த ஊர் வழியாகப் போய், படவேட்டுப் பக்கமிருந்து வரும் கமண்டல நதியோடு கலந்து, கமண்டல நாகநதி என்ற பெயரில் செய்யாற்றில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டில், தை மாதம் இந்தப் பக்கத்து ஏரிகள் தளும்பி நிற்கும். அப்படி ஒரு தையில்தான் ஸ்பிரிண்ட் ட்ரையத்லானில் கலந்துகொள்ளக் காட்பாடியில் ரயிலேறி இங்கே வந்து இறங்கினேன்.

750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றுக்கும் நடுவே கடிகாரம் நிற்காது. 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சான்டியாகோவில் ஓட்டக்காரர்கள் சங்கம் ஒன்று தொடங்கிவைத்த போட்டி ட்ரையத்லான். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. நம் ஊரில் சென்னை ட்ரெக்கிங் கிளப் போன்ற ஆர்வலர் குழுக்கள் இதைப் பலருக்கும் பழக்கின. நானும் அந்த நாட்களில்தான் பழகினேன். பிறகு அம்மாவின் நோய், மகளின் பள்ளி என்று வருடங்கள் போயின. சைக்கிள் பால்கனியில் துணி காயப் பயன்பட்டது.

திரும்பி வர நினைத்தபோது என்னை நிமிர வைத்தது ஒரு பழைய ஆய்வு. 1984இல் எட்வர்ட் காயில் குழுவினர், நன்றாகப் பயிற்சி பெற்ற வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் உச்ச அளவு முதல் மூன்று வாரத்திலேயே 7 சதவீதம் குறைந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் 16 சதவீதம். ஆனாலும் பயிற்சியே அறியாதவர்களைவிட அவர்கள் மேலாகவே இருந்தார்கள். பயிற்சியால் தசைக்குள் உண்டான நுண்ணிய ரத்தக்குழாய்கள் அப்படியே இருந்தன. மூன்று மாத இடைவெளியைப் பற்றிய ஆய்வுதான் அது, என்னுடையதோ வருடக்கணக்கு. இருந்தாலும் உழைப்பு முழுவதும் கரைந்துவிடாது என்ற அந்தச் செய்தி எனக்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டு தொடங்கினேன். மூச்சு சீக்கிரமே திரும்பியது. குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண்தான் கடைசிவரை அடம்பிடித்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஓட வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: நெஞ்சு தயார் என்று சொன்ன பிறகும் கால் தயாராகச் சில மாதங்கள் ஆகும்.

போட்டிக்கு முந்தைய மாலை, வழி எப்படி, எங்கே பள்ளம், ஏரியில் எந்தப் பக்கம் பாசி என்று ஏற்பாட்டாளர் ஒருவர் விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. செங்கத்து நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு, இதே வட்டாரத்து மலைவழியில் எங்கே பாசி வழுக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும் என்று எச்சரித்து அனுப்பும் சங்க நூல் அது. புறப்படுகிறவருக்கு வழியின் ஆபத்தைச் சொல்லி அனுப்புவது இந்த மண்ணில் பழைய வழக்கம்.

காலையில் ஏரி நீர் குளிர்ந்திருந்தது. நீச்சல் குளத்தில் அடியில் கோடு தெரியும், பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். ஏரியில் நம் முழங்கையே நம் கண்ணுக்குத் தெரியாது. சில கைவீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கி, எதிர்க்கரைப் பனைமரத்தைக் குறிவைத்துத் திசை திருத்த வேண்டும். பக்கத்தில் நீந்துகிறவரின் கால் தோளில் இடித்தது, நெஞ்சு படபடத்தது. மூச்சை நீளமாக வெளியே விட்டேன். அந்த நேரத்தில் உடம்புக்குக் கைகொடுத்தது ஆரணிப் பக்கம் தாத்தாவின் கிணறு. ஏழெட்டு வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி அவர் அதில்தான் இறக்கிவிட்டார். தண்ணீரோடு சண்டை போடாதே என்பார். சண்டையை விட்டேன். கலங்கல் பக்கமிருந்த மிதவையைச் சுற்றித் திரும்பும்போது கை தானாக வேலை செய்தது.

ஹெல்மெட்டின் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. சந்தவாசல் திசையில் போய்த் திரும்பும் வழி. இடது பக்கம் சூரியன் எழ, வலது பக்கம் மலை முழுவதும் வெளிச்சம் ஏறியது. இருபுறமும் நெல்லும் மல்லாட்டையும். லாரிகள் வரும் சாலை, ரசிக்க நேரமில்லை; ஆனாலும் ரசித்தேன்.

சைக்கிளைவிட்டு இறங்கி ஓடத் தொடங்கினால் கால் நம்முடையது போலவே இருக்காது. அந்த முதல் கிலோமீட்டர்தான் இந்தப் போட்டியின் உண்மையான சோதனை. ஏரிக்கரை மண்பாதையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆயா கேட்டார்:

“இன்னாத்துக்கும்மா இப்டி ஓடற?”

“போட்டி ஆயா. ஏரியில நீந்திட்டு வர்றேன்.”

“நீயா நீந்தன? இங்க வயசுக்கு வந்த பொண்ண யாரு கெணத்துல எறங்க உடறாங்க?”

அவர் சொன்னது என் கதையும்தான். வயதுக்கு வந்த பிறகு தாத்தாவின் கிணறு எனக்கு இல்லை என்றாகிவிட்டது. என் தம்பி தொடர்ந்து குதித்துக்கொண்டிருந்தான். நான் நகரத்துக் குளத்தில் கட்டணம் கட்டி அந்தக் கலையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 1959லேயே ஆரத்தி சாகா ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்ணானார். இத்தனை காலம் கழித்தும் ஏரி நிறைந்த மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் கரையில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று போட்டியைப் பார்க்க வந்த உள்ளூர்ப் பிள்ளைகளில் பையன்கள் கரையோரம் குதித்தார்கள்; பெண்கள் கைதட்டினார்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டியபோது என் பழைய நேரத்தைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தேன். மனம் நிறைந்திருந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் நான் முதலில் செய்தது, மகளை நீச்சல் வகுப்பில் சேர்த்ததுதான்.

இந்தப் பக்கத்துப் பெற்றோர்களிடம் நான் கேட்பது ஒன்று. அடுத்த மழைக்கு ஏரி நிறையும் முன்பே, நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகனோடு மகளையும் தண்ணீரில் இறக்குங்கள். வயதுக்கு வந்தாள் என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.