ஜிம்மியோடு கொலோன் வரை

2023 கோடையில் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, காரிலேயே ஜெர்மனியின் கொலோன் வரை போய்வந்தோம். நாய் ஜிம்மியும் வந்தான். என் விசாவைவிட அவன் காகிதங்கள்தான் அதிகம்!

தோலுக்கடியில் மைக்ரோசிப், அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி, முதல் ஊசியென்றால் 21 நாள் காத்திருப்பு, கால்நடை மருத்துவரின் சான்றிதழ். ஃபோக்ஸ்டனில் காரோடு ரயிலில் ஏறினால் கடலுக்கடியில் 35 நிமிடம், பிரான்சின் கலே வந்துவிடுகிறது.

திரும்பும்போதுதான் கணக்கு. பிரிட்டனுக்குள் நுழையுமுன் 24 மணி நேரத்துக்குக் குறையாமல், 120 மணி நேரத்துக்கு மிகாமல், மருத்துவர் நாடாப்புழு மருந்து கொடுத்து நேரத்தையும் எழுதித் தரவேண்டும். திங்கள் மாலை திரும்புகிறோம். ஞாயிறு அங்கே எல்லாம் மூடல். சனி காலை என்று பேத்தி கணக்குப் போட்டாள்.

"இதெல்லாம் ரொம்ப ஓவர் அத்தை" என்று மருமகன் அலுத்துக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

1987இல் என் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைத் தெருநாய் கடித்தது. வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். ஒன்றரை மாதத்தில் தண்ணீர் டம்ளரைக் கண்டு அலறினான். பிழைக்கவில்லை. அவன் ஸ்லேட்டு அந்த வருடம் முழுக்க என் மேசையில்தான் இருந்தது. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கலேயில் சிப் பார்க்கும் கருவியை எங்கள் கையிலேயே தந்தார்கள். பேத்தி ஜிம்மியின் கழுத்தருகே காட்டினாள். 'பீப்' என்றது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

படங்களைப் பேத்தி நாளை போடுவாள்.