பேரனின் உயரம்

வில்லியனூர்க் கொம்யூனின் ஊர்ப்புறங்களில் ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் பூச்சி மருந்து கொடுப்பர். அதற்குக் கேளாவிடில் ஓமத்தண்ணீர். அதற்கும் அடங்காவிடில் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் இடுவர். என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இம்மூன்றும் ஆயின. அவனுக்கு அப்போது பதினொரு வயது. உணவு உண்டபின் அடிவயிற்றின் வலப்பக்கத்தில் வலிக்கும்; நாளொன்றுக்கு ஐந்தாறு முறை வயிறு போகும்; அந்தியில் இலேசாகக் காய்ச்சல் காயும்; வாய்ப்புண் ஆறுவதும் மீண்டும் வருவதுமாய் இருந்தது.

தனியார் மருத்துவமனை ஒன்றில் குடலுக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்தனர். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள் இருப்பதாகக் கூறி, குடற்காசநோய் எனக் கொண்டு மருந்தைத் தொடங்கினர். காசநோய் மலிந்த நம் நாட்டில் அந்த இடத்துப் புண்ணைக் கண்ட எவரும் முதலில் அதனையே நினைப்பர். அதற்காக அம்மருத்துவரை நான் குறை கூறுவதற்கில்லை. குறை வேறொன்றில். ஐயத்தோடு காசநோய் மருந்து கொடுப்பவர்கள் இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் உள்ளே பார்த்து, புண் ஆறுகிறதா என்று அறிய வேண்டுமாம். இவனுக்கு அது செய்யப்படவில்லை. காய்ச்சல் தணிந்தது, பசி சற்றே எடுத்தது என்பதை நம்பி ஆறு மாதமும் அதே மாத்திரைகளை விழுங்கினான்.

அவன் வளரவில்லை என்பதை எங்களுக்குச் சொன்னவர் மருத்துவர் அல்லர், தையற்காரர். பள்ளி திறக்குமுன் சீருடைக்கு அளவெடுத்தவர், பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போன வருஷ அளவே சரியா இருக்குங்க ஐயா. துணி மிச்சம்" என்றார். என் மகள் அங்கேயே அழுதுவிட்டாள்.

கோரிமேட்டு ஜிப்மருக்குச் சென்றது அதன் பிறகே. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த அந்த மருத்துவமனை எங்களுக்குப் பேருந்தில் சென்று வரும் தொலைவுதான். பக்கத்தில் இருப்பதனாலேயே அதனை எளிதாக எண்ணும் வழக்கம் எங்கள் ஊரில் உண்டு. அங்கே குழந்தை மருத்துவர் வயிற்றைத் தொடுமுன் பையனை அளவுகோலின் கீழ் நிறுத்தினார். பள்ளி உடல்நல அட்டையில் முந்தைய ஆண்டுகளின் உயரம் இருந்தது. அவற்றை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டு இணைத்தார். ஒன்பதாம் வயது வரை ஏறிய கோடு, பிறகு தரையோடு தரையாகச் சென்றது. பெரியவர்களுக்கு இந்நோய் வந்தால் எடை குறையும். பிள்ளைகளுக்கோ வளர்ச்சியே நின்றுவிடும், பருவமடைதலும் தள்ளிப்போகும், எலும்பு மூடிக்கொண்டால் இழந்த உயரத்தைப் பின்னர் மீட்க இயலாது என்று அவர் விளக்கினார். குரோன் நோய் என்னும் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

அந்தப் பெயரின் வரலாற்றைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். 1913-இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்சியேல், காசநோய் போலத் தோன்றியும் காசநோய் அல்லாத ஒரு குடல் அழற்சியைப் பற்றி எழுதினார். மாடுகளுக்கு வரும் ஜோனி நோயோடு அதனை ஒப்பிட்டார். 1932-இல் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து அதனைத் தனி நோயாக நிறுவினர். ஆங்கில அகரவரிசையில் முதலில் நின்றவருக்கு நோயின் பெயரும் போயிற்று! உடலின் தற்காப்பு ஆற்றலே தன் குடலின்மேல் திரும்புகிறது என்பது தெரிகிறது; அது ஏன் தொடங்குகிறது என்பது இன்றும் முழுமையாக விளங்கவில்லை.

இரண்டாம் கருத்துக் கேட்க வேலூர் சென்றோம். வில்லியனூரில் இரயிலேறி, விழுப்புரத்தில் மாறி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி செல்லும் வண்டியில் வேலூர் கன்டோன்மென்ட் வரை. வழியில் எத்தனை முறை கழிவறைக்குப் போவானோ என்ற கவலையில் அவன் பாட்டி முந்தைய இரவிலிருந்தே அவனுக்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் தரவில்லை. வாசக அன்பர்களே, இத்தகைய பயணம் யாருக்கேனும் நேர்ந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அறிக்கைத் தாள்கள் மட்டும் போதா. குடலிலிருந்து எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் பழைய மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். நாங்கள் அவற்றைக் கொண்டு சென்றமையால் நோய்க்கூற்று வல்லுநர்கள் அதே சதையைப் புதிதாகச் சீவிப் பார்க்க முடிந்தது. காசநோய்க் கணுக்களின் நடுப்பகுதி பாலாடைக்கட்டி போல் நசிந்திருப்பது வழக்கம். இவனுடையவற்றில் அந்த நசிவு இல்லை. ஆறு மாத மருந்துக்குப் பிறகும் புண்கள் ஆறாமல் இருந்ததும் சேர்ந்து முடிவை உறுதியாக்கின.

அப்போது என் மருமகன் இலக்னோவுக்குப் போவோம் என்றார். குழந்தைகளின் குடல் நோய்க்கென்றே தனித் துறை அங்கே சஞ்சய் காந்தி முதுநிலை நிறுவனத்தில் உண்டு. சென்னையிலும் எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் அத்தகைய துறை இருக்கிறது. நான் தடுத்தேன். நோய் இன்னதென்று முடிவான பின், இது வாழ்நாள் முழுதும் உடன்வரும் நோய் என்றும் தெரிந்த பின், திங்கள்தோறும் இரத்தமும் உயரமும் பார்க்கும் இடம் காலையில் போய் மாலையில் திரும்பும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே ஜிப்மரில் சீட்டுப் பதிந்து வந்தார்.

மருத்துவத்தின் முதற்படி எங்களைத் திகைக்கச் செய்தது. ஸ்டீராய்டு விரைவில் வலியை அடக்கும். ஆனால் வளர்ச்சியைத் தடுக்கும். அதற்கு ஈடாக, எட்டு வாரம் சோறு, இட்லி, பழம் எதுவுமின்றி, முழு ஊட்டமும் கலந்த கரைசலை மட்டுமே குடிக்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் குரோன் நோயைத் தணிப்பதில் இது ஸ்டீராய்டுக்கு நிகரானது என்று உலகெங்கும் ஏற்கப்பட்டிருக்கிறதாம். ஆனால் ஒரு தமிழ் வீட்டில் பிள்ளைக்கு எட்டு வாரம் சோறு போடாதிருப்பது எளிதோ? நான்காம் வாரத்தில் வில்லியனூர் லூர்து அன்னை திருத்தலப் பெருவிழா வந்தது. சாலையெங்கும் பொரிகடலையும் மிட்டாயும். வீட்டில் உறவினர் கூட்டம். "ஒரு வாய் பிரியாணி என்ன செய்துவிடும்?" என்று கேளாதவர் இல்லை. அன்று பாட்டி தனக்கும் சோறு வைத்துக்கொள்ளவில்லை. பேரனுக்கு எதிரே அமர்ந்து அதே கரைசலில் ஒரு குவளை குடித்து முகம் சுளித்தாள். அவன் சிரித்துவிட்டான்.

எட்டாம் வாரத்தில் வயிறு போவது நின்றது, எடை ஏறியது. நோய் திரும்பாதிருக்க அசாதயோப்ரின் கொடுத்தனர். ஆசியர் சிலரிடம் உள்ள மரபணு மாறுதலால் அம்மருந்து வெள்ளணுக்களைத் திடீரெனக் குறைத்துவிடும் என்பதால் தொடக்கத்தில் அடிக்கடி இரத்தம் எடுத்தனர். அது போதாவிடில் இன்ஃப்ளிக்சிமாப் என்னும் ஊசி மருந்து. அமெரிக்காவில் 1998-இல் பெரியவர்களின் குரோன் நோய்க்கும் 2006-இல் பிள்ளைகளுக்கும் ஒப்புதல் பெற்றது அது. விலை எங்கள் கைக்கு மீறியது. அன்றியும், உறங்கும் காசநோயை அது எழுப்பிவிடக்கூடும். ஆதலின் கொடுக்குமுன் காசநோய் இல்லையென்று மீண்டும் உறுதி செய்தாக வேண்டும். வாசல் வழியாக அனுப்பிய காசநோய் கொல்லைப்புறமாக வந்து நிற்கிறது. அந்த முடிவை எடுக்கும் நாள் இன்னும் வரவில்லை.

இப்போதைக்கு நாங்கள் செய்தது, பள்ளித் தலைமையாசிரியருக்கு மருத்துவரிடமிருந்து ஒரு கடிதம் வாங்கித் தந்ததுதான். வகுப்பு நடக்கும்போது அனுமதி கேளாமலே அவன் எழுந்து கழிவறைக்குப் போகலாம் என்பது அதில் உள்ள செய்தி. கடிதத்தைப் படித்த தலைமையாசிரியர் மாணவர் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை நினைவுகூர்ந்தார். மறுநாளே ஆசிரியர் கழிவறையின் சாவியில் ஒன்றை அவனிடம் கொடுத்தார். அதனை அவன் கழுத்துக் கயிற்றில் கோத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். கடந்த திங்கள் அளந்தபோது ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது.