காளானும் பூங்குருவியும்

குற்றால மலையை அடுத்த சிற்றூர் ஒன்றில் என் இளமைப் பருவம் கழிந்தது. ஆனித் திங்களில் சாரல் தொடங்கியதும் இரு விருந்தினரை நாங்கள் எதிர்நோக்கியிருப்போம். ஒன்று, செவிக்கு விருந்தளிக்கும் சீகாரப் பூங்குருவி. மற்றொன்று, நாவிற்கு விருந்தாகும் புற்றுக்காளான்.

விடியற்காலையில் ஓடைக்கரைப் பாறைகளுக்கிடையே, சிறுவன் ஒருவன் சீழ்க்கையடிப்பதுபோல் இனிய ஓசை எழும். திசையறிந்து விரைந்தால், நெற்றியிலும் தோளிலும் நீலம் ஒளிரும் கரிய பறவையொன்று நொடியில் மறைந்துவிடும். காளானோ ஓடி ஒளிவதுமில்லை, ஓசை எழுப்புவதுமில்லை. மண்ணைப் பிளந்து வெண்குடை விரித்து, நின்ற இடத்திலேயே நிற்கும்.

நான் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது, காட்டோரப் புற்றொன்றின்மேல் முளைத்த காளான்களைப் பறித்தேன். அத்துடன் ஆசை அடங்கவில்லை. அடியில் இன்னும் மிகுதியாக இருக்கும் என்றெண்ணி, மண்வெட்டியால் புற்றை அகழ்ந்தேன். தேனடை போன்ற கட்டிகளும் கரையான்களுமே வெளிப்பட்டன. அவற்றைச் சிதைத்தெறிந்து வீடு திரும்பினேன். செய்தியறிந்த ஆச்சி, "குடையைப் பறித்தாய், சரி, குடியை ஏன் ஐயா குலைத்தாய்?" என்று வருந்தினார்.

மறு ஆண்டும் சாரல் வந்தது, பூங்குருவி பாடிற்று, அவ்விடத்தில் காளான் முளைக்கவில்லை.

ஆச்சியின் சொல், பின்னாளில் உயிரியல் கற்றபோதுதான் எனக்கு முழுதும் விளங்கிற்று. கரையான்கள் சருகையும் மரத்துகளையும் தின்று, தம் எச்சத்தால் அடை கட்டுகின்றன. அதில் காளானின் நுண்ணிழைகள் படர்ந்து, அதனைக் கரையானுக்கேற்ற உணவாக்குகின்றன. புற்று காளானைக் காக்கிறது. காளான் புற்றுக்கு உணவூட்டுகிறது. நான் சிதைத்தது வெறும் மண்மேடு அன்று. ஈருயிர் ஒன்றி வாழ்ந்த இல்லம்.

காளான் குடை விரிப்பது நம் உணவுக்காக அன்று. தன் நுண்வித்துகளைக் காற்றில் பரப்புவதற்கே. பூங்குருவி பாடுவதும் நம்மை மகிழ்விக்க அன்று. துணையை அழைக்கவும், தன் எல்லையைக் காக்கவுமே. ஒன்று ஊமை, மற்றொன்று பாடகன். எனினும் இரண்டும் தத்தம் குலம் தழைக்கவே உழைக்கின்றன. அவ்வுழைப்பில் நமக்கும் சிறிது இன்பம் கிடைக்கிறது. கிடைத்ததைப் பெறலாம், கிடைத்த இடத்தை அழித்தல் ஆகாது.

இன்றும் சாரற்காலத்து வைகறையில் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்கிறேன். மகிழ்ச்சியோடு, காளான் முளைக்காத அந்த இடமும் என் நினைவிற்கு வருகின்றது.